நிலத்தோடு பொழுதையும் பதித்தவர்: வால்டர் மிட்டல்ஹோல்சர்

நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே வைத்து முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். நிலம் மட்டும் தனித்து நின்று பாடுபொருளாகிவிடாது. அது எந்தப் பொழுதில் காணப்பட்டது என்பதும் உடன்வர வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. இலக்கிய மாணவர்களாகிய நாம் இதனைச் செய்யுளுக்குரிய இலக்கணமாகவே கற்று வந்திருக்கிறோம். ஆயின் இவ்வுண்மை கவிதைக்கு அப்பாலும் செல்லும் என்பதற்கு, தமிழையோ தமிழ் நிலத்தையோ அறியாத ஐரோப்பியர் ஒருவரின் வாழ்க்கை சான்றாக அமைந்திருக்கிறது. சிறிய விமானங்களில் ஏறிப் பறந்து, மலைகளையும் பனியாறுகளையும் பாலைவனங்களையும் மேலிருந்து ஒளிப்படமாக்கிய சுவிட்சர்லாந்து நாட்டவரான வால்டர் மிட்டல்ஹோல்சரே அவர். தமிழ் வாசகர்களுக்கு இவர் பெயர் அதிகம் அறிமுகமில்லாதது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அவருடைய நாட்டில் மிகப் பரவலாக அறியப்பட்ட பெயர்களுள் அது ஒன்றாக இருந்தது.

வானிலிருந்து நிலத்தைப் படமெடுக்கும் முயற்சி அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1858ஆம் ஆண்டிலேயே நாதார் என்னும் பிரெஞ்சுக் கலைஞர் பாரிஸ் நகருக்கு அருகில் பலூனில் ஏறிப் படமெடுத்தார். சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ஸ்பெல்டெரினி 1890களிலிருந்து பலூனில் சென்று ஆல்ப்ஸ் மலைகளின் அரிய காட்சிகளைப் பதிவு செய்தார். ஆனால் பலூன் காற்றுக்குக் கட்டுப்பட்டது. காற்று எங்கே கொண்டு சென்றதோ அங்கிருந்துதான் படமெடுக்க இயலும். விரும்பிய மலையை விரும்பிய பக்கத்திலிருந்து, விரும்பிய நேரத்தில் காணும் வாய்ப்பை விமானமே முதன்முதலில் அளித்தது. அவ்வாய்ப்பை ஒரு வாழ்நாள் பணியாக மாற்றிக் கொண்டவர் மிட்டல்ஹோல்சர்.

இளமையும் பயிற்சியும்

கிழக்குச் சுவிட்சர்லாந்தில் பூத்தையல் தொழிலுக்குப் பெயர்பெற்ற சாங்க்ட் காலன் நகரில் 1894ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் அவர் பிறந்தார். அந்நகருக்குத் தெற்கே 2,502 மீட்டர் உயரமுள்ள சேன்டிஸ் சிகரம் எழுந்து நிற்கிறது. அவர் இறுதிவரை மலையேற்றத்தில் தீராத விருப்பம் கொண்டவராக இருந்தார். ஒளிப்படக் கலையைத் தொழிலாகக் கற்றுத் தேர்ந்தார். மலையும் கேமராவும் இளமையிலேயே அவருக்கு வாய்த்துவிட்டன. விமானம் மட்டுமே எஞ்சியிருந்தது. அதனை முதல் உலகப் போர் கொண்டு வந்து சேர்த்தது.

சுவிட்சர்லாந்து அப்போரில் நடுநிலை வகித்தது. எனினும் எல்லைகளைக் காக்கும் பொருட்டு 1914இல் ஒரு சிறிய விமானப் பிரிவை அந்நாடு தொடங்கியிருந்தது. சூரிச் நகருக்கு அருகிலுள்ள டூபெண்டார்ஃப் அதன் தளமாயிற்று. 1915இல் மிட்டல்ஹோல்சர் அங்கே இராணுவ ஒளிப்படக்காரராகச் சேர்ந்தார். போரிட்ட நாடுகள் பகைவரின் பதுங்குகுழிகளை வேவு பார்க்க வானொளிப்படக் கலையை வளர்த்துக் கொண்டிருந்த காலம் அது. நடுநிலை நாட்டின் இளைஞருக்கோ கீழே தெரிந்தவை தம் சொந்த மலைகள். 1917இல் அவர் விமானம் ஓட்டும் உரிமத்தையும் பெற்றார்.

இரட்டைச் சிறகு விமானத்தில்

போர் முடிந்ததும் ஐரோப்பாவெங்கும் விமானிகள் பலர் வேலையற்றுப் போயினர். விமானத்தால் பொதுமக்களுக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு அப்போது தெளிவான விடை இல்லை. 1919ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மிட்டல்ஹோல்சரும் புகழ்பெற்ற விமானியான ஆல்ஃபிரட் கோம்டும் சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். பயணிகளை ஏற்றிச் செல்வதும் வானொளிப்படம் எடுத்து விற்பதும் அதன் தொழில்கள். அடுத்த ஆண்டே அது, விண்மீன்களை நோக்கி என்று பொருள்படும் இலத்தீன் பெயர் கொண்ட ஆட் அஸ்ட்ரா நிறுவனத்தோடு இணைந்தது. மிட்டல்ஹோல்சர் அதன் இயக்குநரும் தலைமை விமானியும் ஆனார்.

அந்த 1919ஆம் ஆண்டிலேயே அவர் இரட்டைச் சிறகு விமானத்தில் மோன் பிளாங்க் மலைத்தொடர் மீது பறந்து அதன் பனியாறுகளைப் படமெடுத்தார். மேற்கு ஐரோப்பாவின் மிக உயர்ந்த அச்சிகரம் 4,800 மீட்டருக்கும் மேற்பட்டது. அக்காலத்து விமானத்திற்கு அவ்வுயரம் எளிதன்று. மேலே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறையும். எந்திரத்தின் வலு குறையும். சிறகுகளின் தாங்கும் ஆற்றலும் குறையும். திறந்த இருக்கையில் அமர்ந்திருப்பவரின் விரல்கள் குளிரில் மரத்துப்போகும். மலைச்சுவர்களில் மோதித் திரும்பும் காற்றுச் சுழல்கள் விமானத்தைத் திடீரென மேலே தூக்கும், கீழே இறக்கும்.

இத்தனைக்கும் நடுவில்தான் படம் எடுத்தாக வேண்டும். அந்நாளில் படச்சுருளைக் காட்டிலும் கண்ணாடித் தகடுகளே பெரிதும் பயன்பட்டன. ஒரு தகட்டில் ஒரு படம்; அது முடிந்ததும் அடுத்த தகட்டை மாற்ற வேண்டும். எந்திரத்தின் அதிர்வு கேமராவுக்குள் புகாமலிருக்க, அதனை விமானத்தின் உடலில் சாய்த்து வைக்காமல் கைகளால் தாங்கிப் பிடிக்க வேண்டும். காட்சி கணத்துக்குக் கணம் மாறுவதால், கேமராவின் மூடி இமைப்பொழுதினும் குறைந்த நேரமே திறந்து மூட வேண்டும். தொலைவிலுள்ள மலைகளை நீலநிற மூட்டம் மறைக்கும். மஞ்சள் வடிகண்ணாடி கொண்டு அதனை ஓரளவு நீக்கலாம். ஆனால் மஞ்சள் கண்ணாடி ஒளியையும் குறைத்துவிடும். விமானத்தை ஒருவர் ஓட்ட, மற்றொருவர் படமெடுப்பது வழக்கம். இருவருக்கும் இடையே பேச்சுக்கு இடமில்லை. எந்திரத்தின் இரைச்சலில் கையசைவுகளே மொழி. ஒளிப்படக்காரராகவும் விமானியாகவும் மலையேறியாகவும் ஒருங்கே பயிற்சி பெற்றிருந்தது மிட்டல்ஹோல்சரின் தனிச்சிறப்பாக அமைந்தது. எந்தப் பாறை முகட்டில் எந்நேரம் நிழல் விழும் என்பதைக் காலால் நடந்து அறிந்தவர் அவர்.

வானொளிப்படத்தில் இருவகை உண்டு. நேர்க்கீழே நோக்கி எடுக்கப்படுவது ஒன்று. அது நிலவரைபடம் தயாரிக்க உதவும், ஆனால் மேடுபள்ளங்களைத் தட்டையாக்கிக் காட்டும். சாய்வாக நோக்கி எடுக்கப்படுவது மற்றொன்று, அதில் சிகரம் சிகரமாகவும் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகவும் தோன்றும், அடிவானமும் தெரியும். மிட்டல்ஹோல்சரின் புகழ் இந்த இரண்டாம் வகையால் வந்தது. சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில் எடுத்த சாய்வுப் படங்களில், நீண்ட நிழல்கள் நிலத்தின் ஒவ்வொரு மடிப்பையும் எழுதிக்காட்டின.

அப்படங்கள் நன்கு விற்பனையாயின. நகரங்களும் தொழிற்சாலைகளும் தங்கள் தோற்றத்தை மேலிருந்து காண விரும்பின. அஞ்சலட்டைகளாகவும் அவை பரவின. பறவைப் பார்வையில் சுவிட்சர்லாந்து என்னும் பொருளுடைய அவரது பட நூல் 1924இல் வெளிவந்தது. தாம் பிறந்து வளர்ந்த நாட்டை ஒரு முழு வடிவமாகக் காணும் வாய்ப்பு அந்நூலால் மக்களுக்குக் கிடைத்தது.

தொலைதூரப் பயணங்கள்

1923ஆம் ஆண்டில் நார்வேயின் அமுண்ட்சென் வட துருவத்தின் மேல் பறக்கத் திட்டமிட்டார். அவருக்குத் துணையாக ஜெர்மனியின் யுங்கர்ஸ் நிறுவனம் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்கு ஒரு விமானக் குழுவை அனுப்பியது. அமுண்ட்சென் அம்முயற்சியைக் கைவிட நேர்ந்தது; ஆயினும் குழு தன் வழியே சென்றது. நோய்மன் என்னும் விமானி ஓட்ட, மிட்டல்ஹோல்சர் ஒளிப்படக்காரராகப் பறந்தார். யுங்கர்ஸ் எஃப் 13 என்ற அந்த விமானம் முழுவதும் உலோகத்தால் ஆனது. பயணிகள் நால்வருக்கு மட்டுமே இடமுடையது. மனிதர் கால்படாத பனிவெளிகள் பலவற்றின் உருவம் அவ்வாறு முதன்முதலில் தகட்டில் பதிந்தது.

அடுத்து 1924ஆம் ஆண்டின் இறுதியில் சூரிச்சிலிருந்து பாரசீகத் தலைநகர் டெஹ்ரானுக்குப் பயணம் மேற்கொண்டார். இதற்கு யுங்கர்ஸ் ஏ 20 விமானம் ஊர்தியாயிற்று. 5,600 மீட்டரையும் கடந்து தனித்து நிற்கும் தமாவந்த் எரிமலையை வானிலிருந்து அவர் எடுத்த படங்கள் பெரிதும் பேசப்பட்டன.

அவருக்கு உலகப் புகழ் தேடித்தந்தது ஆப்பிரிக்கப் பயணமே. 1926ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சூரிச் ஏரியிலிருந்து ஒரு டோர்னியர் மெர்க்கூர் விமானம் எழுந்தது. அதில் சக்கரங்களுக்குப் பதிலாக மிதவைகள் பொருத்தப்பட்டிருந்தன. ஆப்பிரிக்காவின் உட்பகுதிகளில் விமானத் தளங்கள் அரிதாக இருந்த காலத்தில், ஆறுகளும் ஏரிகளுமே இறங்குதளங்களாகப் பயன்பட்டன. மிட்டல்ஹோல்சருடன் நிலவியல் அறிஞர் ஆர்னால்ட் ஹைம், எழுத்தாளர் ரெனே கூசி, எந்திர வல்லுநர் ஹான்ஸ் ஹார்ட்மன் ஆகியோர் சென்றனர். மத்தியதரைக் கடலைக் கடந்து, நைல் நதி வழியாகத் தெற்கே சென்று, விக்டோரியா ஏரியைத் தாண்டி, 77 நாட்களுக்குப் பின் 1927ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் கேப் டவுன் நகரை அடைந்தனர். அவர்களுக்கு முன்பே, 1920இல், வான் ரைன்வெல்டும் பிராண்டும் இங்கிலாந்திலிருந்து கேப் டவுனுக்கு விமானத்தில் சென்று சேர்ந்திருந்தனர். மிதவை விமானத்தில் அக்கண்டத்தை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்தவர்கள் என்ற பெருமை இக்குழுவினருக்கு உரியதாயிற்று.

1930ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவின் மேல் ஃபாக்கர் விமானத்தில் பறந்து அதன் எரிமலை வாயையும் பனிமுடியையும் படமெடுத்தார். வியன்னாவின் செல்வந்தர் லூயி ரோத்ஷில்டின் வேட்டைப் பயணத்திற்காகச் சென்றபோது வாய்த்த சந்தர்ப்பம் அது. அதே ஆண்டின் இறுதியில் தொடங்கிய மற்றொரு பயணம் அவரைச் சாட் ஏரிக்கு இட்டுச் சென்றது. ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் ஒரு நூல் வெளிவந்தது. ஒளிப்படங்களோடு திரைப்படங்களையும் அவர் எடுத்தார். பறத்தல் என்பது மக்களுக்கு வியப்பாகவும் அச்சமாகவும் இருந்த நாட்களில், அதனை நம்பத்தக்க ஒன்றாக ஆக்கியதில் அவரது பங்கு பெரிது.

மேலிருந்து தெரியாதவை

அவரது வாழ்க்கையை எழுதுவோர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் பறந்த ஆப்பிரிக்கா பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இறங்குவதற்கான அனுமதியும் எரிபொருளும் தங்குமிடமும் அவ்வாட்சியின் கட்டமைப்பிலிருந்தே கிடைத்தன. சுவிட்சர்லாந்துக்குக் குடியேற்ற நாடுகள் எவையும் இல்லை. எனினும் பிற நாடுகள் திறந்துவைத்த பாதையிலேயே அவர் சென்றார். வானிலிருந்து பார்க்கையில் சிற்றூர்கள் அழகிய வட்டங்களாயின, மந்தைகள் புள்ளிகளாயின. தரையில் இறங்கிய பின் எடுத்த படங்களில் அங்கு வாழ்ந்த மனிதர்கள் பெரும்பாலும் வேடிக்கைப் பொருளாகவே நின்றனர். அவர்களுடைய பெயரும் வாழ்வும் அவருடைய நூல்களில் உரிய இடம் பெறவில்லை. அண்மைக் காலச் சுவிஸ் வரலாற்றாய்வாளர்கள் இக்குறையைச் சுட்டிக்காட்டியுள்ளனர். தொல்காப்பிய மரபில் சொல்வதானால், முதற்பொருளை அவர் முழுமையாகக் கண்டார். அந்நிலத்து மக்களையும் தொழிலையும் தெய்வத்தையும் உள்ளடக்கிய கருப்பொருளுக்கு அவருடைய கண் பழகவில்லை.

இதன் கடுமையை 1934ஆம் ஆண்டின் அபிசீனியப் பயணம் நமக்கு உணர்த்துகிறது. அப்பயணத்தில் அவர் பேரரசர் ஹெய்லி செலாசிக்கு உரிய ஒரு ஃபாக்கர் விமானத்தை அடிஸ் அபாபாவுக்கு ஓட்டிச் சென்று ஒப்படைத்தார். வழியெங்கும் அந்நாட்டின் மலைகளைப் படமெடுத்தார். 1935ஆம் ஆண்டு அக்டோபரில் இத்தாலி அந்நாட்டின்மீது படையெடுத்தது. விமானங்களிலிருந்து குண்டுகளும் நச்சுவாயுவும் பொழியப்பட்டன. அழகிய நிலக்காட்சிகளைக் காண உதவிய அதே உயரம், கீழிருப்போரின் முகம் தெரியாமல் அவர்களைக் கொல்லவும் உதவியது. இதற்கு மிட்டல்ஹோல்சர் பொறுப்பாளி அல்லர். ஆயினும் மேலிருந்து காணும் கண்ணின் எல்லையை அறிய விரும்புவோர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவே வேண்டும்.

நிறுவனத்தின் சுமையும் முடிவும்

இதற்கிடையில் 1931ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆட் அஸ்ட்ராவும் பாசல் நகரின் பால்ஏர் நிறுவனமும் இணைந்து சுவிஸ்ஏர் தோன்றியது. பால்ட்ஸ் சிம்மர்மனுடன் அதனைத் தோற்றுவித்த மிட்டல்ஹோல்சர் அதன் தொழில்நுட்ப இயக்குநரானார். அடுத்த ஆண்டே லாக்ஹீட் ஓரியன் என்னும் விரைவான அமெரிக்க விமானங்களை வரவழைத்து ஐரோப்பிய நிறுவனங்களை வியக்க வைத்தனர். துயரமும் தொடர்ந்தது. 1934ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் ஜெர்மனியின் டுட்லிங்கன் அருகே சுவிஸ்ஏரின் கர்டிஸ் காண்டர் விமானம் வீழ்ந்து 12 பேர் உயிரிழந்தனர். ஐரோப்பாவின் முதல் விமானப் பணிப்பெண்ணாகிய நெல்லி டீனரும் அவர்களுள் ஒருவர். தனி ஒருவரின் துணிவால் நடந்த பறத்தல், பலருடைய உயிருக்குப் பொறுப்பேற்கும் தொழிலாக மாறிவிட்டதன் சுமையை அவர் தலைமுறையே முதலில் சுமந்தது.

துருவப் பனியின் மேலும் பாலைவனங்களின் மேலும் ஆப்பிரிக்காவின் நெடுவழியிலும் பறந்து மீண்ட அவர், விமானத்தில் இறக்கவில்லை. 1937ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலத்தில் ஹோக்ஷ்வாப் மலைத்தொகுதியில் ஏறுகையில் விபத்துக்குள்ளாகி மாண்டார். அப்போது வயது 43. எந்த மலைகளை மேலிருந்து காட்டிப் புகழ்பெற்றாரோ, அம்மலைகளைக் காலால் ஏறும் விருப்பத்தை அவர் கைவிட்டதே இல்லை.

எஞ்சிய தகடுகள்

அவர் கட்டியெழுப்பிய சுவிஸ்ஏர் 2001ஆம் ஆண்டில் நொடித்து, 2002இல் மறைந்தது. அவருடைய விமானச் சாதனைகளும் இன்று அருங்காட்சியகச் செய்திகள். எஞ்சி நின்று பயன் தருபவை ஒளிப்படங்களே. பல்லாயிரக்கணக்கான அவற்றைச் சூரிச் நகரிலுள்ள ஈ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நூலகம் பேணி, கணினி வழியே எவரும் காணும்படி செய்துள்ளது.

2019ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சரியாக 100 ஆண்டுகளுக்கு முன் அவர் எடுத்த மோன் பிளாங்க் படங்களைக் கையில் எடுத்துக் கொண்டனர். படத்தில் தெரியும் சிகரங்களை ஒன்றோடொன்று பொருத்திக் கணக்கிட்டு, அன்று கேமரா வானில் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தனர். பின்னர் ஹெலிகாப்டரில் அதே இடத்துக்குச் சென்று அதே காட்சியை மீண்டும் படமெடுத்தனர். அர்ஜான்டியேர், போசோன், மேர் த கிளாஸ் ஆகிய பனியாறுகளின் அன்றைய நிலையும் இன்றைய நிலையும் அருகருகே வைக்கப்பட்டன. பாறை முகடுகள் அப்படியே நின்றன. அவற்றுக்கு இடையே நிறைந்திருந்த பனி வெகுவாக வற்றியிருந்தது. சாய்வுப் படம் என்பதால்தான் இவ்வொப்பீடு இத்துணை எளிதாயிற்று. சிகரங்களின் வரிசை படத்தில் இல்லாதிருந்தால் கேமராவின் இடத்தைக் காண்பது கடினமாகியிருக்கும்.

சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 1931 முதல் 2016 வரையிலான காலத்தில் தம் கனஅளவில் பாதியை இழந்தன என்று, அந்நாளில் தரையிலிருந்து எடுக்கப்பட்ட வேறு ஒளிப்படத் தொகுதியை ஆராய்ந்து 2022இல் அறிஞர்கள் வெளியிட்டனர். கிளிமஞ்சாரோவில் 1912இல் இருந்த பனிப்பரப்பில் 85 விழுக்காடு 2007க்குள் மறைந்துவிட்டது என்பது மற்றோர் ஆய்வின் முடிவு. இவ்விழப்பு எத்தகையது என்பதை எண்கள் அறிவுக்கு உணர்த்துகின்றன. மிட்டல்ஹோல்சரின் தகடுகள் கண்ணுக்கு உணர்த்துகின்றன.

அவர் இதற்காகப் படமெடுக்கவில்லை. அஞ்சலட்டைக்காகவும் நூலுக்காகவும் நிறுவனத்தின் வருவாய்க்காகவும் எடுத்தார். மலைகள் நிலையானவை என்ற நம்பிக்கையோடே அவர் தலைமுறை வாழ்ந்தது. நிலத்தை மட்டும் பதிவதாக எண்ணியவர் பொழுதையும் சேர்த்தே பதிந்துவிட்டார். அந்தப் பொழுது இனித் திரும்பி வராதது என்பதே அப்படங்களை இன்று அரியவை ஆக்கியிருக்கிறது. அவர் காணத் தவறிய மனிதர்களைப் பற்றிய குறையும் அதே தகடுகளில்தான் பதிந்திருக்கிறது. அதனையும் சேர்த்துப் படிப்பதே அவருக்கு நாம் செய்யும் நேர்மையான மரியாதை.

நிலத்தையும் பொழுதையும் பாடிய நெடிய மரபைப் பயில்வதற்கென்று கூடிய நம் வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், நம்மைச் சூழ்ந்துள்ள ஏரியும் குன்றும் கழிமுகமும் இன்று எவ்வாறு உள்ளன என்பதைச் சொல்லாலோ படத்தாலோ பதிந்து வைப்பது நம் கடமையாகிறது. என்றும் இருக்கும் என்று நாம் எண்ணியிருப்பவற்றிலிருந்தே அப்பணியைத் தொடங்குவது நலம்.